இரண்டு நொறுக்குத்தீனிப் பொட்டலங்கள்

எனக்கு நொறுக்குத்தீனி பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நீங்கள் தட்டில் வைத்திருக்கும் அந்த அன்னாசிக் கேக்கைக்கூட நான் தொடப்போவதில்லை, தேநீர் போதும். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வழக்கில் இரண்டு நொறுக்குத்தீனிப் பொட்டலங்கள் வருகின்றன. இரண்டையும் கடையில் காசு கொடுத்து வாங்கியவன் நான்தான். ஆனால் ஒரு துணுக்குகூட என் வாயில் போனதில்லை.

என் பெயர் குவான் ஷிஹ்-தாவ். ஹெங்-யாவ் சில்லு நிறுவனத்தின் மூன்றாம் ஆலைக்கு டைரக்டர். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறாரே, அவர் சற்றுமுன் "நீங்க போன் செய்யற கம்பெனிதானே?" என்று கேட்டார். சின்-சூவில் பிறந்து வளர்ந்தவர் போலிருக்கிறது, பேச்சில் தெரிகிறது. ஊரையே வாழவைக்கிற தொழில் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. பரவாயில்லை, எனக்குப் பழகிவிட்டது.

நாங்கள் போன் செய்வதில்லை. போனுக்குள் இருக்கும் சில்லைச் செய்கிறோம். அதிலும் எங்கள் பெயர் இருக்காது. ஆரம்பத்தில் இந்த இடத்தில் தேயிலைச் சரிவும் கல்லறைகளும்தான் இருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த கனவான்கள் எங்கள் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தரத்தைச் சோதிக்க யாரை வெளியிலிருந்து கூட்டிவருவீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார்கள். சொந்தமாக எதுவும் விற்க மாட்டோம், அடுத்தவர் வரைந்து கொடுப்பதைச் செய்து மட்டும் கொடுப்போம் என்றதும் அவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாண வீட்டுச் சமையல்காரன் வேலை, யார் வீட்டுக் கல்யாணமானாலும் சரி. இன்றைக்கு அதே கனவான்களின் பிள்ளைகள் எங்கள் வரவேற்பறையில் பந்திக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. கைகுலுக்க மட்டும் தெரியும்.

நுழைவாயிலை ஒட்டி நிறுவனத்தின் வரலாற்றுக்கூடம் இருக்கிறது, பள்ளிக் குழந்தைகளை அழைத்து வருவார்கள். அங்கே சுவர் முழுக்க ஒரு படம். பல வருடங்களுக்கு முன் வந்த செப்டம்பர் நிலநடுக்கத்துக்கு மறுநாள் எடுத்தது. உலைகளிலிருந்த கண்ணாடிக் குழாய்கள் நொறுங்கிக் கிடக்க, ஒருவன் தலைமூடியைக் கழற்றிவிட்டு, உடையாத ஒரு குழாயைக் கைக்குழந்தையைப் போல ஏந்திச் சிரித்துக்கொண்டிருக்கிறான். அவன்தான் ஃபான் குவோ-லியாங். உள்ளே போய் மீட்கச் சொல்லி உத்தரவிட்டவன் நான். படத்தில் நானும் இருக்கிறேன், பின்னால், வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக. கண் மட்டும் தெரியும். குழந்தைகள் ஃபானைக் காட்டி இவர் யார் என்று கேட்பார்கள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஃபானும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தேன். அவன் சூ-தோங்கிலிருந்து தொழிற்பள்ளிச் சான்றிதழோடு வந்த ஹக்கா இனத்தவன். நான் மேலே போனேன். அவன் இயந்திரங்களோடே இருந்துவிட்டான். ஆலையில் எல்லோரும் என்னை டைரக்டர் என்பார்கள். அவன் மட்டும் எத்தனை பேர் இருந்தாலும் "யோவ் குவான்" என்பான்.

முதல் பொட்டலத்துக்கு வருகிறேன். தேங்காய்ச் சுவை போட்ட சோளப்பொரி, பச்சை உறை. அதன் பெயருக்கு 'சமர்த்தாக இரு' என்று பொருள். அதை வைத்தால் இயந்திரம் மக்கர் பண்ணாதாம். இந்தத் தீவில் வங்கிக்காரனும் வைக்கிறான், ஆஸ்பத்திரிக்காரனும் வைக்கிறான். உங்கள் கணினிக்குப் பின்னாலும் ஒன்று இருக்கிறது, நான் வரும்போதே பார்த்தேன். மஞ்சள் உறை ஆகாது, சிவப்பு கூடவே கூடாது. இயந்திரம் நன்றாக ஓடினால் எரிவது பச்சை விளக்கு, அதனால் பச்சைதான். தேதி தாண்டியிருக்கவும் கூடாது. எங்கள் ஆலைக்கு இதைக் கொண்டுவந்தவன் ஃபான். கொண்டுவந்ததோடு நிற்காமல் தானாக ஒரு சட்டமும் போட்டான். ஓர் இயந்திரத்தில் கடைசியாகக் கைவைத்தவன், கழற்றியதை எல்லாம் மாட்டி, அணைத்த அலாரத்தை எல்லாம் திரும்பப் போட்டு, பிறகுதான் தன் பெயரை எழுதிப் பொட்டலத்தை வைக்க வேண்டும். அரைகுறை வேலைக்கு மேல் பொட்டலம் வைப்பவன் மனுஷனே இல்லை என்பான்.

எங்கள் ஆலையில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அணுக்களை அடுக்கி அடுக்கிச் சுவர் எழுப்பத் தெரிந்தவர்கள். அவர்கள் ஒரு சோளப்பொரிப் பொட்டலத்தைப் பார்த்தால் முதலில் அதைத் திருப்பித் தேதி பார்ப்பார்கள். ஆல்கஹால் போட்டுத் துடைத்து இயந்திரத்தின் மேல் பயபக்தியோடு வைப்பார்கள். இத்தனை வருடத்தில் நான் ஒன்றுகூட வைத்ததில்லை, ஒன்றின் தேதியையும் பார்த்ததில்லை. அதெல்லாம் மூளையை, சில்லு செய்யும் தூசியில்லாத சுத்த அறைக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வருபவர்களுக்கு.

அலாரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஆலையின் கீழ்த்தளத்தில் வாயு அறை இருக்கிறது. அங்கே ஓர் இரும்புப் பெட்டிக்குள் ஆர்சின் சிலிண்டர். ஆர்சனிக்கிலிருந்து வரும் விஷவாயு, சில்லுக்கு அது தேவை. கசிந்தால் அலாரம் அடிக்கும். அடித்தால் எல்லோரும் வெளியே ஓட வேண்டும், மேலே வேலை நிற்கும், இயந்திரத்துக்குள் இருக்கும் சிலிக்கான் தட்டுகள் வீணாகும். அந்த வாரம் அது அடிக்கடி அடித்தது. வியாழக்கிழமை அமெரிக்கர்கள் வருவதாக இருந்தது. அடுத்த தலைமுறைச் சில்லை எங்களிடம் கொடுப்பதா, கொரியாக்காரர்களிடம் கொடுப்பதா என்று முடிவு செய்வதற்கான வருகை. அதனால் நான் அந்த அலாரத்தின் வாயைக் கட்டினேன். அதற்கு ஒரு சாவி உண்டு, அது என்னிடம் இருக்கும். சாவியைத் திருப்பிவிட்டால் கசிந்தாலும் சத்தம் வராது. கட்டுப்பாட்டுப் பலகையில் பச்சை விளக்குதான் எரியும்.

யாரோ ஃபானிடம் உளறியிருக்கிறார்கள். மதியம் உணவுக்கூடத்தில் தட்டோடு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தான்.

"யோவ் குவான், அலாரத்த அமுக்கி வச்சிருக்கியாமே?"

"சென்சார் கெட்டுப்போச்சு. புதுசு வரணும்."

"கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னா? நீ போய்ப் பாத்தியா? நீ கீழ எறங்கி எத்தன வருஷமாச்சு, படிக்கட்டு எந்தப் பக்கம்னாவது ஞாபகம் இருக்கா?"

பக்கத்து மேசைகளில் சூப்புக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"நான் சொல்றேன் கேளு," என்றான். "திரும்பப் போட்டுவிடு. போட்டாத்தான் நானும் என் ஆளுங்களும் உள்ள கால் வைப்போம். வீட்ல எனக்காக ஒருத்தி நூடுல்ஸ் கடைய எப்ப மூடறதுன்னு காத்துக்கிட்டு இருக்கா."

நான் கீழே இறங்கிப் போனேன். படிக்கட்டு எங்கே என்று எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. முகமூடி மாட்டிக்கொண்டு, கையில் பிடிக்கும் அளவுகருவியால் நானே சோதித்தேன். சென்சார் கெடவில்லை. கசிவு உண்மைதான். சிலிண்டரின் கழுத்தில், குழாய் சேரும் இடத்தில் இருந்தது. ஒரு வளையத்தை மாற்றி மரையைச் சரியாக முறுக்கினால் தீர்ந்தது. முறைப்படி செய்வதென்றால் அறிவிப்பு, தீயணைப்பு வண்டி, காற்றுப்புட்டி கட்டிய ஆட்கள், தொழிலாளர் துறை, நாள்கணக்கில் மூடிய ஆலை. அமெரிக்கர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள். முறைப்படி இல்லாமல் செய்வதென்றால் ஃபானும் ஒரு ஸ்பேனரும் போதும். அவனுடைய கை நல்ல கை, அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

ஆலைக்கு எதிரே இருக்கும் கடைக்கு நடந்து போனேன். கல்லாவில் இருந்த பெண் பச்சைப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "மெஷின் அடம் பிடிக்குதா சார்? ரெண்டா வாங்கிக்குங்க, சீக்கிரம் சமத்தாயிரும்" என்றாள். ஒன்று போதும் என்றேன். என் பெயரைப் பெரிதாக எழுதி அந்த இரும்புப் பெட்டியின் மேல் வைத்தேன். பிறகு ஃபானைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

அவன் வாயு அறை வாசலில் நின்று கண்ணாடிக் கதவு வழியாகப் பொட்டலத்தைப் பார்த்தான். உள்ளே எட்டி எடுத்து, என் பெயரைப் படித்து, திருப்பித் தேதியையும் பார்த்தான்.

"அடேங்கப்பா! இன்னிக்குச் சூரியன் மேற்கால உதிச்சிருச்சாய்யா?"

"அந்தக் கழுத்து மரை தளர்ந்திருக்கிற மாதிரி இருக்கு. ஒருதடவ முறுக்கிவிட்டு வளையத்த மாத்திரு."

"அலாரம்? திரும்பப் போட்டுட்டியா?"

"பொட்டலம் வச்சிருக்கேனே, கண்ணு தெரியலியா?"

அவன் முகம் மாறியது. என் தோளில் தட்டினான்.

"மன்னிச்சுக்கய்யா. கேட்டிருக்கக் கூடாது."

முகமூடி இல்லாமல் உள்ளே போய், பொட்டலத்தைப் பெட்டியின் மேலேயே திரும்ப வைத்தான். அலாரம் விழித்திருக்கும்போது, அதுவும் அடிக்காமல் இருக்கும்போது, அந்தச் சின்ன வேலைக்கு யாரும் முகமூடி மாட்டுவதில்லை. கதவுக்கு வெளியே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றைக் கவனியுங்கள், நான் அவனிடம் பொய் சொல்லவில்லை. அலாரத்தைப் போட்டுவிட்டதாக ஒரு வார்த்தைகூட என் வாயிலிருந்து வரவில்லை. ஒரு படித்த மனிதன் சோளப்பொரியைச் சத்தியப் பிரமாணமாக எடுத்துக்கொள்வான் என்று யாராவது எதிர்பார்க்க முடியுமா? ஃபான் எடுத்துக்கொண்டான். அது அவனுடைய முடிவு.

வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"யாருய்யா உள்ள உக்காந்து பூண்டு தின்னது? பூண்டுத் தொத்திறைச்சிக் கட தோத்துது போ."

சிரித்தான். நானும் சிரித்தேன். ஆர்சினுக்கு லேசான பூண்டு வாசனை உண்டு. மூக்குக்குத் தெரிகிற அளவு என்றால், அது உடம்புக்கு அளவுக்கு மேல். இது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும், பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். ஆனால் அவன் மூக்கைவிடப் பொட்டலத்தை நம்பினான். கசிவு நின்றுவிட்டிருந்தது. வேலை வழக்கம்போலச் சுத்தம்.

மறுநாள் அவன் வரவில்லை. சிறுநீர் கறுத்துப் போய், முகம் மஞ்சளடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆலையில் எல்லோரும் கல்லீரல் என்றார்கள். எங்கள் ஊரில் பொறியாளர் படுத்தால் கல்லீரல்தான், ராப்பகலாக உழைத்து அதைத்தான் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கிறோமாம். புதிதாகச் சேர்பவர்களையே 'புதுக் கல்லீரல் வந்திருக்கு' என்றுதான் கேலி செய்வார்கள். இவர்களிடமிருந்துதான் உலகம் சில்லு வாங்குகிறது.

பழக்கூடையோடு போனேன். டாக்டர் ஷீ என்று ஒரு பெண், கெட்டிக்காரிதான். கல்லீரல் இல்லை என்று உடனே கண்டுபிடித்திருந்தாள். என்னை நடைபாதைக்கு அழைத்தாள்.

"இவருக்கு ரத்த அணு எல்லாம் உடைஞ்சுக்கிட்டிருக்கு சார். வேலை செய்யற எடத்துல ஏதாவது வாயு பட்டிருக்குமா? அவர்கிட்டயே கேட்டேன். வாய்ப்பே இல்லன்னு சாதிக்கிறார். அலாரம் அடிக்கலயாம், பச்சைப் பொட்டலம் இருந்துச்சாம், அதுவும் தன் கூட்டாளி கையால வச்சதாம். என்னன்னே புரியல."

பார்த்தீர்களா, அவனே சொல்லிவிட்டான். ஆர்சின் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவனுடைய ரத்தத்தை முழுக்க மாற்றியிருப்பார்கள். சரியான நேரத்தில் மாற்றினால் பிழைப்பதுண்டு. அன்றைக்குப் புதன்கிழமை.

"அலாரம் அடிக்கவில்லை, டாக்டர்," என்றேன். அதுவும் பொய்யில்லை.

"அப்ப இன்னொண்ணு கேக்கறேன். பெரிய அவரைப்பயறு சாப்பிடுவாரா? சில பேருக்குப் பொறவியிலயே அது ஆகாது, தின்னா ரத்தம் இப்படி உடையும். ஹக்கா ஆளுங்ககிட்ட இது ஜாஸ்தி. இந்த நேரத்துல பரிசோதன பண்ணினாலும் சரியா காட்டாது."

"வறுத்த அவரைப்பயறு எப்போதும் மேசையில் வைத்திருப்பான். கொறித்துக்கொண்டே இருப்பான்," என்றேன்.

இது மட்டும் பொய். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை நானாக யோசிக்கவில்லை. அவள்தான் தட்டில் வைத்து நீட்டினாள்.

வியாழக்கிழமை அமெரிக்கர்கள் வந்தார்கள், கைகுலுக்கினார்கள், எங்களுக்கே கொடுத்தார்கள். அவர்களில் ஒருவன் வரலாற்றுக்கூடத்துப் படத்தின் முன்னால் நின்று, இவரைச் சந்திக்க முடியுமா என்று கேட்டான். விடுப்பில் இருக்கிறார் என்றேன். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை சொன்னால் புதன்கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். சனிக்கிழமை சொன்னால் கேள்வி இன்னும் பெரிதாகும். நாள் போகப்போக மௌனத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. அவனுடைய சிறுநீரகம் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக நின்றது. நான் தவறாமல் போய்ப் பார்த்தேன். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யோவ் குவான், நீ பொட்டலம் வச்சத எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்யா" என்றான். பெருமையாகச் சொன்னான்.

அவன் மனைவி யுவே-மெய்தான் தொந்தரவாக இருந்தாள். சூ-தோங் சந்தையில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் பெண்பிள்ளை.

"அவரைப்பயறா? அவரு தங்கச்சி மகனுக்கு அந்த வியாதி இருக்கு டைரக்டர். அந்தப் புள்ள பொறந்ததிலேர்ந்து இந்த மனுசன் பயத்துல அத வீட்டு வாசப்படி ஏத்தினதில்ல. நீங்க வேற யாரையோ நெனச்சுக்கிட்டு சொல்றீங்க."

இப்படியே ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். டாக்டர் ஷீயும் யோசிக்க ஆரம்பித்தாள். ஆகவே நான் மறுபடியும் அந்தக் கடைக்குப் போனேன். இரண்டாவது பொட்டலம் வறுத்த அவரைப்பயறு. பிரித்து, பாதியைக் குப்பையில் கொட்டிவிட்டு, வாயை மடித்து ஃபானின் மேசை இழுப்பறையில் வைத்தேன். இரண்டு நாளில் அவன் செத்துப்போனான்.

அவனுடைய பொருள்களை வாங்கிக்கொள்ள யுவே-மெய் வந்தாள். என் முன்னால்தான் இழுப்பறையைத் திறந்தாள். தேநீர்க் குவளை, மூக்குக்கண்ணாடி, பழைய ஸ்பேனர் ஒன்று, கடைசியில் பொட்டலம். அதை எடுத்துப் பார்த்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவி மனுசா," என்றாள், அவனைத்தான். "எங்கிட்ட ஒளிச்சுத் தின்னியா? என்ன விட ஒனக்கு இந்தப் பயறு பெருசாப் போச்சா?"

அழுதாள். காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அழுதுகொண்டே அவள் பொட்டலத்தைத் திருப்பினாள். யோசித்துச் செய்யவில்லை. வீட்டில் எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் திருப்பித் தேதி பார்க்கும்படி ஃபான் அவளையும் பழக்கி வைத்திருந்தான், அவ்வளவுதான். தயாரித்த தேதி பின்பக்கத்தில் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள்.

"டைரக்டர்," என்றாள். குரல் தணிந்துவிட்டது. "இது அவரு ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது வறுத்த பயறு."

நான் இழுப்பறையைத் தள்ளி மூடினேன்.

"இத யாரு வாங்கினா? எதுக்கு வாங்கினா?"

பொட்டலத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். நூடுல்ஸ் விற்கும் பெண்பிள்ளை. என்னை இங்கே உட்காரவைத்திருப்பது உங்கள் விசாரணை இல்லை. ஓர் உலகத்தரமான ஆலையை நடத்துபவன் பயறுப் பொட்டலத்தின் முதுகைப் படிக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை, அதுதான் காரணம். நான் தேதி பார்ப்பதில்லை என்று முன்பே சொன்னேனே.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். நான் ஃபானைக் கொன்றேன். வெறுப்பினால் இல்லை. அந்த ஆர்டர் போயிருந்தால் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் என்று நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும். அந்தப் படத்தை இனி எடுத்துவிடுவார்களா என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.

அலாரமா? இல்லை, திரும்பப் போடவில்லை. சாவி இன்னும் என் அலுவலக மேசையில்தான் இருக்கிறது. ஏன் தொலைபேசியை எடுக்கிறீர்கள்? ஆமாம், கீழே ஆட்கள் இருப்பார்கள், இது பகல் ஷிஃப்ட். ஃபானின் இடத்துக்கு வந்தவர்கள் தினமும் அந்த அறைக்குள் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பதற்றப்பட எதுவும் இல்லை. அன்றிலிருந்து அது ஒருமுறைகூட அடிக்கவில்லை. என் பொட்டலம் இன்னும் பெட்டியின் மேலேயே இருக்கிறது, கெட்டுப்போக நிறைய நாள் ஆகும். தேதி பார்த்துத்தான் வைத்தேன்.